டிமிக்கி என்றொரு குரங்கு இருந்ததாம்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏதோ மெத்தப் படித்தவளுக்குக் கொடுத்த பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘அகராதி பிடிச்சவ’ என்று திட்டுவோமே, அந்த அகராதி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, ஆசிரியர் எழுதிய தலையங்கத்தில் பதினோரு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே. கடைசியில் அவளே போனை எடுத்து, “அகராதிதான் பேசுறேன், சொல்லுங்க” என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அது குழந்தைகளுக்கான மாதப் பத்திரிகை. கீழே அச்சு இயந்திரம், மேலே ஆசிரியர் குழு. குழு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம்: ஆசிரியர், பக்கம் கட்டுகிறவர், அகராதி, அவ்வளவுதான். அவள் மேசை மாடிப்படி ஓரத்தில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே அவளுடைய தண்ணீர் டம்ளர் நடுங்கும். வேலை, மெய்ப்புப் பார்ப்பது. அச்சுக்குப் போகுமுன் வரும் தாளில் பிழையைத் தேடி, ஓரத்தில் குறி போட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். குறி போட்டுவிட்டால் அவள் பொறுப்பு முடிந்தது. அதற்கப்புறமும் அந்தப் பிழை அச்சில் வந்தால் அது திருத்தாதவன் பாவம், பார்த்தவள் பாவமல்ல. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது வேதவாக்கு. இந்த வேதவாக்குதான் பிற்பாடு அவள் காலை வாரிவிட்டது.

கடைசிப் பக்கத்தில் ‘சொல் பிறந்த கதை’ என்று ஒரு பகுதி. அதை எழுதிக்கொண்டிருந்த பண்டிதர் ஒருநாள் மகன் வீட்டோடு போய்விட்டார். ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“நீதான் அகராதியாச்சே, நீயே எழுதிடும்மா.”

“எனக்குத் திருத்தத்தான் சார் தெரியும், எழுதத் தெரியாது.”

“எழுதி, நீயே திருத்திக்கோ. ரெண்டு வேலையும் ஒரே ஆளோட முடிஞ்சிடும்.”

ஆசிரியரின் சிக்கனத்துக்கு எல்லையே கிடையாது.

முதல் இரண்டு வருஷம் சொர்க்கம். நான்கு கால் இருப்பதால் நாற்காலி என்று எழுதினாள். மூன்று கால் உடைந்து போனால் அதற்கு என்ன பெயர் என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி கடிதம் போட்டாள். சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்த்துக்கீசியர்களோடு கப்பலேறி வந்த சொற்கள் என்று எழுதினாள். இரையைத் தின்னும்போது முதலை அழும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், அதிலிருந்து வந்ததுதான் முதலைக் கண்ணீர் என்று எழுதினாள். எல்லாம் நூலகத்தில் நாலு புத்தகம் புரட்டி, ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்து எழுதியவை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் போடச் சொல்வாள். கட்டம் என்றால் ஆதாரம் இருக்கிறது என்று அவளுக்குள் ஒரு கணக்கு. வேறு யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை.

பிள்ளைகளா சும்மா இருப்பார்கள்? அவர்களுக்கு நாற்காலியும் அலமாரியும் எதற்கு? டிமிக்கி கொடுக்கிறது என்றால் எப்படி வந்தது? அம்போ என்று விட்டுவிட்டான் என்கிறோமே, அம்போ யார்? தர்ம அடியில் தர்மம் எங்கே இருக்கிறது? மூட்டை மூட்டையாகக் கேள்விகள். அகராதி நூலகத்துக்கு ஓடினாள். எல்லாப் புத்தகமும் பொருளைச் சொன்னது, பிறப்பைச் சொல்லவில்லை. தெரிந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவரைக் கேட்டாள். “இது ஆழ்ந்த ஆய்வுக்குரிய விஷயம்மா” என்றார். அவருக்கும் தெரியாது என்பதைப் படித்தவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த மாதம் அவள் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ‘டிமிக்கி கொடுத்தல் என்றால் ஏமாற்றிவிட்டு நழுவுதல். இந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.’

ஆசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“என்னம்மா இது?”

“உண்மை சார்.”

“உண்மை ரெண்டு வரிதான் இருக்கு. பக்கத்துக்கு முப்பது வரி வேணும். மிச்சம் இருபத்தெட்டு வரிக்கு நான் எங்க போவேன்?”

“தெரியாததைத் தெரியாதுன்னுதானே சார் சொல்லணும்?”

“நமக்குத் தெரியாதுங்கறதைத் தெரிஞ்சுக்கவா பிள்ளைங்க பத்திரிகை வாங்குது? மூணு மணிக்கு மெஷின் ஓடணும். முப்பது வரிக்குக் குறையாம வேணும், ஆமா.”

மணி ஒன்றரை. அகராதி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. கோபத்தில் பேனாவை எடுத்தாள். முப்பது வரிதானே வேணும், இந்தா பிடி என்று எழுதினாள். ‘ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ் கம்பெனி ஒன்றில் டிமிக்கி என்றொரு குரங்கு இருந்ததாம். தலையில் சிவப்புக் குல்லாய்...’ சர்க்கஸ்காரன் ஒவ்வோர் ஊரிலும் அந்தக் குரங்கை ஒரு செல்வந்தருக்கு நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவான். விடிவதற்குள் குரங்கு கூண்டைத் திறந்துகொண்டு சர்க்கஸுக்கே திரும்பிவிடும். செல்வந்தர் எழுந்து வந்து பார்த்தால் குரங்கும் இருக்காது, கூடாரமும் இருக்காது. ‘நமக்கு டிமிக்கியைக் கொடுத்துவிட்டானே!’ என்று ஊர் ஊராகத் தலையில் அடித்துக்கொண்டார்களாம். சரியாக முப்பது வரி. இரண்டு மணிக்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் மனசு உறுத்தியது. முழுப் பொய்யாயிற்றே! பிழையைப் பார்த்தால் குறி போடு, அதுதானே தொழில்? தாளை எடுத்தாள். முடிவில் கட்டத்துக்குப் பதிலாக ஒரு சின்ன நட்சத்திரம் வரைந்தாள். நட்சத்திரம் என்றால் ஆதாரம் இல்லை, கட்டுக்கதை.

“இது என்ன புதுசா நட்சத்திரம்?” என்று பக்கம் கட்டுகிறவர் கேட்டார்.

“சும்மா, அழகுக்கு.”

குறி போட்டாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. அகராதி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று உலகத்தில் தன் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது, பதினாலு வருஷமாகப் புள்ளிக்கும் கொம்புக்கும் உயிரை விட்டவள் மூளைக்கு எட்டவே இல்லை. என்னத்தைச் சொல்ல!

டிமிக்கி வெளியானதும் கடிதங்கள் குவிந்தன. அடுத்த மாதம் அம்போ என்கிற படகோட்டி வந்தான். பசி வந்தால் பயணிகளை நடு ஆற்றில் விட்டுவிட்டு நீந்திக் கரையேறிச் சாப்பிடப் போய்விடுவான். அதற்கடுத்து, எது கேட்டாலும் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தர்மமாக அள்ளிக் கொடுக்கும் ராஜா ஒருவர் வந்தார். திருடன் ஒருவனுக்கு ஓர் அடி கொடுக்கச் சொன்னால், அவருடைய சேவகர்கள் பழக்க தோஷத்தில் ஊரையே வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஓர் அடி கொடுக்க வைத்தார்கள். சூத்திரம் நாலு மாதத்தில் கைவந்துவிட்டது: சொல்லுக்கு ஓர் ஆளைப் பிடி, அவனுக்கு ஒரு தொழிலைக் கொடு, இருபதாவது வரியில் மாட்டிவிடு, முப்பதாவது வரியில் சாகடி. ஒவ்வொன்றுக்கும் மறக்காமல் நட்சத்திரம் போட்டாள். அந்த விஷயத்தில் அவள் நேர்மைக்குக் குறைவே இல்லை.

இடையிடையே நிஜமான சொற்கதையும் எழுதினாள், கட்டம் போட்டு. ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

“இந்தக் கட்டம் போட்டதெல்லாம் வேணாம்மா, ஒரே வறட்சி. நட்சத்திரம் போட்ட மாதிரியே எழுது. பிள்ளைங்க அதைத்தான் கேக்குது.”

பக்கம் கட்டுகிறவர் தம் பங்குக்கு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி மஞ்சள் வண்ணமும் அடித்தார். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

வீட்டிலோ நிலைமை வேறு. அகராதிக்கு ஒரே மகள், வயது பத்து. அந்த வீட்டில் பொய்க்கு இடம் கிடையாது. “இன்னைக்கு வீட்டுப்பாடம் குடுக்கலம்மா” என்று ஒருநாள் மகள் சொல்லி, அது பொய்யென்று தெரிந்தபோது, ‘இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்’ என்று நூறு தடவை எழுத வைத்தாள். எழுதி முடித்ததும் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டாவது வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்தாள். “பெத்த பிள்ளையோட கண்ணீருக்குக்கூட மெய்ப்புப் பாப்பியா?” என்றார் அவள் புருஷன். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் பார்க்கிறவர். பெண்டாட்டி எழுதுகிற நட்சத்திரக் கதைகளை மாதாமாதம் பணிமனையில் ஒன்றுவிடாமல் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவரும் அவர்தான். அவரிடமும் அவள் உண்மையைச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லையே!

மகள் படிக்கிற பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘சொல் பிறந்த கதை’ பகுதியை வைத்தே ஒரு போட்டி நடத்துகிறார்களாம், அதை எழுதுகிற அம்மையார் வந்து பரிசு கொடுக்க வேண்டுமாம். மறுத்திருக்க வேண்டும். ஆனால் ஆசை யாரை விட்டது? இருபது வருஷத்தில் அவளை ஒரு மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. பிழை திருத்துகிறவளை யார் கூப்பிடுவார்கள்?

போட்டியன்று மதியம் பள்ளி அரங்கில் தலைமையாசிரியை அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, இறுதிச் சுற்றுக் கேள்விச் சீட்டுகளைப் பெருமையாகக் காட்டினார். பன்னிரண்டு சீட்டுகள். டிமிக்கி, அம்போ, தர்ம அடி... பன்னிரண்டும் நட்சத்திரம். அகராதி சீட்டுகளை மறுபடி ஒருமுறை புரட்டினாள்.

“கட்டம் போட்டது ஒண்ணுகூட இல்லையே மேடம்?”

“அதெல்லாம் பிள்ளைங்களுக்கு அலுப்பா இருக்கும்னு விட்டுட்டோம்.”

போட்டி தொடங்கியது. முதல் சுற்றுகள் சுலபம்: ஒரு சொல்லைக் கொடுத்துப் பொருள் கேட்டார்கள், வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள். வகுப்பாசிரியையின் கட்டாயத்தில் சேர்ந்திருந்த அகராதியின் மகள் டக்டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் மேடையில் இரண்டே பேர் நின்றார்கள், அவளும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையனும். சொல் எப்படிப் பிறந்தது, ஒரே கேள்வி, சரியாகச் சொல்கிறவருக்குக் கோப்பை. தலைமையாசிரியை சீட்டை எடுத்துப் பிரித்தார்.

“டிமிக்கி! முதல்ல நீ சொல்லும்மா.”

மகள் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“தெரியாது டீச்சர்.”

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா எழுதியதே மகளுக்குத் தெரியாதா என்று யாரோ கிசுகிசுத்தது முன்வரிசைவரை கேட்டது. கண்ணாடிப் பையன் நிமிர்ந்து நின்று, சர்க்கஸ், கூண்டு, செல்வந்தர், சிவப்புக் குல்லாய் என்று முப்பது வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எழுதியவளே மறந்துபோன ஒரு வரிகூட அவன் வாயில் தப்பவில்லை. அரங்கம் கைதட்டியது. “மிகச் சரியான விடை!” என்றார் தலைமையாசிரியை.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது, அழுகையை அடக்குகிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அகராதி பேசாமல் இருந்திருக்கலாம். கோப்பையைக் கொடுத்து, நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போயிருக்கலாம். பேரும் பிழைத்திருக்கும், கடைசிப் பக்கமும் பிழைத்திருக்கும். ஆனால் அந்த மேடையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மையான பதிலுக்குத் தன் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறதே! பொய் சொல்லாதே என்று நூறு தடவை எழுத வைத்த கையாயிற்றே இது! அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

“நில்லுங்க மேடம். அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி.”

“எந்தப் பொண்ணு?”

“என் பொண்ணு. அந்தச் சொல் எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. குரங்குக் கதை நானாக் கட்டிவிட்டது.”

 தலைமையாசிரியை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று பெற்றோர் வரிசையில் ஒரு குரல் உரக்கவே சொன்னது. கண்ணாடிப் பையனின் அம்மா எழுந்து, “நல்லா இருக்குங்க நியாயம்! உங்க பொண்ணு தோத்ததும் கதை பொய்யாயிடுச்சா?” என்று கேட்டாள். பையன் பழைய இதழ்களை ஒன்றாகத் தைத்த புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தை எடுத்துக் காட்டினான்.

“இதோ இருக்கே மேடம், நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“எழுதினேன் கண்ணு. கடைசியில நட்சத்திரம் போட்டிருக்கேன் பாரு. நட்சத்திரம் போட்டா அது பொய்னு அர்த்தம்.”

கூடமே கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பரிதாபப்பட்டுவிட்டார்.

“மேடம், பிள்ளைங்க நோட்டுல நாங்க நட்சத்திரம் போடுறதே, ரொம்ப நல்லா எழுதியிருந்தாதான். பொய்னா இன்ட்டு போட்டிருப்பீங்கல்ல?”

அகராதி பையன் கையிலிருந்த பக்கத்தின் நட்சத்திரத்தைப் பார்த்தாள். ஆறு வருஷமாக எழுபது இதழ்களில், நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு ‘இது பொய், இது பொய்’ என்று சொல்லிவிட்டதாக நினைத்திருந்தாள். ‘இது அருமை, இது அருமை’ என்றல்லவா சொல்லியிருக்கிறாள்!

“அச்சுல வந்ததைத்தான் நாங்க நம்ப முடியும். விடையில மாற்றமில்லை” என்றார் தலைமையாசிரியை. அச்சில் வருவது எப்படி வருகிறது என்று அந்தக் கூடத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் ஒருத்திதான், அவளை யாரும் நம்பவில்லை. கோப்பையை அவள் கையில் திணித்தார்கள். தான் சொன்ன பொய்க்குத் தானே பரிசு கொடுத்தாள். பையன் வாங்கிக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்:

“டிமிக்கி நிஜமாவே இல்லையா மேடம்?”

“இல்லப்பா. என்னை மன்னிச்சிடு.”

 “பரவால்ல மேடம். இருக்குன்னே வச்சுக்கறேன்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. கெட்ட செய்திக்குக் கால் நாலு. ஆசிரியர்தான்.

“பொண்ணு ஜெயிக்கணும்னு பத்திரிகை மானத்தையே வாங்கிட்டியேம்மா! ஏன் இப்படிப் பொய் சொன்ன?”

“பொய் இல்ல சார். அது கட்டுக்கதைதான். ரெண்டு வரி உண்மை குடுத்தேன், முப்பது வரி வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?”

 ஆசிரியரின் குரல் ஒரு மாதிரி இறங்கிப்போய் வந்தது.

“அப்போ... அந்தக் குரங்கு?”

“இல்ல சார்.”

“நான் முப்பது வரிதானேம்மா கேட்டேன், பொய்யா கேட்டேன்? நீ எங்கேயோ தேடிக் கண்டுபிடிச்சேன்னுல்ல நினைச்சேன். கூட்டத்துல எல்லாம் பேசியிருக்கேனே! அந்தப் படகோட்டியுமா?”

“அவனும்தான் சார்.”

“அடுத்த மாசத்திலேருந்து கடைசிப் பக்கம் உனக்கு வேணாம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபத்தைவிடத் துக்கம்தான் அந்தக் குரலில் அதிகம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் செத்த செய்தியைக் கேட்டவர் மாதிரிப் பேசினார்.

அம்மாவும் மகளும் தெருவில் நடந்தார்கள். பள்ளிவிட்ட நேரம், சைக்கிள்களும் ஆட்டோக்களும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. பேர் போயிற்று, பக்கம் போயிற்று. அதெல்லாம்கூட அவளுக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் வருகிற இந்தப் பத்து வயது, ‘நீ மட்டும் ஆறு வருஷமாப் பொய் சொன்னியாம்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?  மகள் உர்ரென்று வந்தாள்.

“ஏம்மா எழுந்து பேசின? எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அசிங்கமாப் போச்சு.”

“நீ சொன்னது சரிடி. சரியாச் சொன்ன பிள்ளை தலைகுனிஞ்சு நின்னா நான் எப்படி உட்கார்ந்திருக்கிறது?” அகராதி மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “அத்தனை பேரும் நம்பின கதைடி அது. உங்க அப்பாவே நம்பினாரு. அது பொய்னு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

மகள் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

“பொய்னா? எனக்கென்ன தெரியும்? அந்தப் புத்தகத்தை நான் படிக்கிறதே இல்லையே. எனக்குத் தெரியல, அதான் தெரியாதுன்னு சொன்னேன்.”

 எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டது! நாலு எட்டு நடந்ததும் மகளே மறுபடி கேட்டாள்.

“நீயும் தெரியாதுன்னே எழுதியிருக்கலாம்லம்மா?”

“எழுதினேன்டி, முதல்ல அப்படித்தான் எழுதினேன். ரெண்டு வரிதான் வந்துச்சு. அவ்வளவு பெரிய பக்கம், மிச்ச இடம் காலியா நிக்குமே. அதை என்ன பண்றது?”

“படம் போட்டிருக்கலாமே” என்றாள் மகள்.